கடைசி வாக்கியத்துக்கு முன்னால்

லிங்கனின் பேச்சுகளில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் கெட்டிஸ்பர்க் உரையைச் சொல்வார்கள். நான் 1865 மார்ச் 4ஆம் தேதி, இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையைச் சொல்வேன். நான்கே பத்திகள். ஆங்கில மூலத்தில் சுமார் 700 சொற்கள். நிதானமாகப் படித்தாலும் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவு மண்டபத்தில் தெற்குச் சுவரில் கெட்டிஸ்பர்க் உரையும் வடக்குச் சுவரில் இந்த உரையும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இதில் உலகம் நினைவில் வைத்திருப்பது கடைசி வாக்கியத்தை மட்டும்தான். யார்மீதும் வன்மம் வேண்டாம், எல்லோரிடமும் பரிவு கொள்வோம் என்று அழைக்கும் அந்த வாக்கியம் நல்லிணக்கம் பேசும் மேடைகளுக்கெல்லாம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதைத் தனியே பிடுங்கி எடுப்பது லிங்கனுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம். அதற்கு முந்தைய பத்தியில் அவர் ஒரு கடன் கணக்கை எழுதிவைக்கிறார். அந்தக் கணக்குக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர்களிடம் மட்டுமே கடைசி வாக்கியத்துக்குப் பேச்சு உண்டு. ஆகவே வரிசை மாறாமல் படிப்போம்.

முதலில் கேட்டவர்களின் மனநிலை. உள்நாட்டுப் போரில், 1864 செப்டம்பரில் வடக்கின் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடித்தது, டிசம்பரில் சவானாவை. பீட்டர்ஸ்பர்கில் தெற்கின் தளபதி லீயின் படை முற்றுகையில் தேய்ந்துகொண்டிருந்தது. அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் திருத்தம் ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போயிருந்தது. முந்தைய ஆகஸ்டில் தேர்தலில் தோற்றுவிடுவோம் என்றே நம்பி, அதை ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலேயே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தவர் லிங்கன். நவம்பரில் 212க்கு 21 என்ற தேர்வாளர் வாக்குகளில் ஜெயித்தார். 1832இல் ஆண்ட்ரூ ஜாக்சன் வென்றதற்குப் பிறகு எந்த அதிபரும் இரண்டாம் முறை வென்றதில்லை. வெற்றி முழக்கம் கேட்கத்தான் கூட்டம் வந்திருந்தது என்று சொன்னால் தவறாகாது.

அன்று காலை மழை, தெருவெல்லாம் சேறு. செனட் அவையில் துணை அதிபராகப் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், காய்ச்சலில் இருந்து தேறிவரும் உடம்புக்குத் தெம்பு வேண்டி விஸ்கி அருந்திவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் உளறிக் கொட்டினார். அங்கிருந்து எல்லோரும் நாடாளுமன்றத்தின் கிழக்கு முகப்புக்கு வந்தார்கள். கூட்டத்தில் கறுப்பின மக்கள் ஏராளமாக இருந்தார்கள். பதவியேற்பு ஊர்வலத்தில் கறுப்பினப் படைவீரர்கள் அணிவகுத்ததும் அதுவே முதல் முறை. லிங்கன் பேச எழுந்தபோது மேகம் விலகி வெயில் அடித்ததாம். வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களுக்கு அந்த வெயில் மிகவும் பிடிக்கும். நாம் உரைக்குப் போவோம்.

முதல் பத்தி

இதன் பொழிப்பு: இரண்டாம் முறை என்பதால் நீண்ட உரைக்குத் தேவையில்லை. போரின் ஒவ்வொரு கட்டத்திலும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன, புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. படைகளின் முன்னேற்றம் எனக்குத் தெரிந்த அளவுக்கு மக்களுக்கும் தெரியும். அது ஓரளவு திருப்தி தருவதாகவே இருக்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கை மிகுதி என்றாலும் வருங்காலத்தைப் பற்றி ஆரூடம் சொல்லமாட்டேன்.

ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒரு தலைவர் தம் படையைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். ஒரு தளபதியின் பெயர் இல்லை, ஒரு போர்க்களத்தின் பெயர் இல்லை. பத்தி முடியும் வரை மட்டுமே 'நான்' இருக்கிறது. அடுத்த மூன்று பத்திகளில் தேடினாலும் கிடைக்காது. அடுத்த பத்தியில் தம்முடைய 1861ஆம் ஆண்டு உரையைக் குறிப்பிடும்போதுகூட, வேறு யாரோ பேசியதைப் போல 'உரை நிகழ்ந்துகொண்டிருந்தது' என்ற தொனியில்தான் சொல்கிறார். பின்னால் அவர் சொல்லப்போவதற்கு இந்த விலகல் தேவைப்படுகிறது.

நினைவு மண்டபத்தில் இந்தப் பத்தியை வெட்டிய கல்தச்சர், வருங்காலத்தைக் குறிக்கும் சொல்லில் 'எஃப்' வரவேண்டிய இடத்தில் 'ஈ' என்று வெட்டிவிட்டார். பிறகு கீழ்க்கோட்டைப் பூசி அடைத்தார்கள். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். ஆரூடம் சொல்லமாட்டேன் என்று லிங்கன் கைவிட்ட இடத்திலேயே உளியும் பிசகியிருக்கிறது.

இரண்டாம் பத்தி

நான்காண்டுகளுக்கு முன் இதே நாளில் எல்லோர் மனமும் வரப்போகும் போரின் மேலேயே இருந்தது, எல்லோரும் அஞ்சினார்கள், எல்லோரும் அதைத் தவிர்க்கவே பார்த்தார்கள் என்று தொடங்குகிறது. போரில்லாமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற இங்கே ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, போரில்லாமல் அதைக் கலைத்துப் பங்கு பிரித்துக்கொள்ள இதே நகரில் சிலர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். வெறும் அலங்காரப் பேச்சல்ல இது. 1861 மார்ச்சில் தென்மாநிலக் கூட்டமைப்பு அனுப்பிய தூதர்கள் உண்மையாகவே வாஷிங்டனில் காத்திருந்தார்கள். லிங்கனின் அரசு அவர்களை அதிகாரபூர்வமாகச் சந்திக்க மறுத்தது.

இரு தரப்பும் போரை விரும்பவில்லை. ஆனால் ஒரு தரப்பு, நாடு பிழைத்திருப்பதைவிடப் போர் தொடுப்பதே மேல் என்றது. மறு தரப்பு, நாடு அழிவதைவிடப் போரை ஏற்பதே மேல் என்றது. இந்த இடத்தில் கூட்டம் நெடுநேரம் கைதட்டியதாகப் பத்திரிகைச் செய்திகள் சொல்கின்றன. அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு, மூலத்தில் நான்கே சொற்களில் ஒரு வாக்கியம்: போர் வந்தது.

இதைச் சொன்னதன் மூலம் லிங்கன் தெற்கைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார் என்று சிலர் வாதிடுவதுண்டு. அப்படிச் சொல்ல இடமில்லை. போர் தொடுத்தவர் யார், ஏற்றுக்கொண்டவர் யார் என்பதை முந்தைய வாக்கியத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகே போரை எழுவாயாக்குகிறார். அதன் பொருள் வேறு: தொடங்கியவர்களுக்கும் ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அடங்காத ஒன்றாக அது வளர்ந்துவிட்டது. யாருக்கும் அடங்கவில்லை என்றால் அது யாருடைய ஏற்பாடு? மூன்றாம் பத்தி எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

மூன்றாம் பத்தி

உரையில் பாதிக்கு மேல் இந்த ஒரு பத்திதான். துண்டு துண்டாக எடுத்துக்கொள்வோம்.

முதல் துண்டு மக்கள்தொகைக் கணக்கு. மொத்த மக்களில் எட்டில் ஒரு பங்கு கறுப்பின அடிமைகள். அவர்கள் தெற்கில் செறிந்திருந்தார்கள். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தம் 3 கோடியே 14 லட்சம் பேர். அடிமைகள் 39 லட்சத்து 53 ஆயிரத்துக்கு மேல். ஆக, எட்டில் ஒன்று என்பது சரியான கணக்கு. இந்த அடிமைகளைச் சுற்றி ஒரு பெரிய நலன் உருவாகியிருந்தது, அந்த நலன்தான் எப்படியோ போருக்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்கிறார். போருக்குப் பின் பல தலைமுறைகளுக்குத் தென்மாநில எழுத்தாளர்கள் மாநில உரிமை, சுங்கவரி என்று வேறு வேறு காரணங்களைத் தேடியது நமக்குத் தெரியும். 1865இல் அந்த மேடைக்கு எதிரே நின்ற யாருக்கும் அப்படித் தேட வேண்டியிருக்கவில்லை. 'எப்படியோ' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததில் லிங்கனின் வழக்கறிஞர் புத்தி தெரிகிறது. எந்தக் கண்ணி எதைப் பிடித்து இழுத்தது என்று அவர் நிரூபிக்க முனையவில்லை. காரணம் இது என்று மட்டும் பதிவு செய்கிறார்.

அரசோ, புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவாமல் தடுப்பதைத் தவிர வேறு உரிமை எதையும் கோரவில்லை என்றும் சொல்கிறார். சட்டப்படி இது உண்மை. 1861 உரையில் அடிமைமுறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் தலையிடும் நோக்கம் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். இன்று படிக்கும்போது இது வடக்கின் பெருமையாக ஒலிக்கவில்லை. அவ்வளவு குறைவாகத்தான் கேட்டோம் என்ற ஒப்புதலாகவே ஒலிக்கிறது.

அடுத்த துண்டு: இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படிக்கிறார்கள், ஒரே கடவுளை வேண்டுகிறார்கள், ஒருவர்க்கெதிராக ஒருவர் அவர் துணையைக் கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அடிமைமுறை குறித்த சண்டையில் மெதடிஸ்ட் சபை 1844இல் பிளந்தது, பாப்டிஸ்டுகள் 1845இல் பிரிந்தார்கள். நாடு உடைவதற்கு முன்பே தேவாலயங்கள் உடைந்துவிட்டன. லிங்கன் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராதவர். ஆனாலும் அவருக்கு முன்பிருந்த எந்த அதிபரின் பதவியேற்பு உரையிலும் இந்த அளவுக்கு வேத வசனம் இல்லை.

பிறர் முகத்து வியர்வையிலிருந்து தமக்கு அப்பம் பிழிந்தெடுக்க, நீதியுள்ள கடவுளின் உதவியைக் கேட்க ஒருவருக்குத் துணிவு வருவது விந்தைதான் என்பது அடுத்த வாக்கியத்தின் கருத்து. ஆதியாகமத்தில் ஆதாமுக்கு இடப்பட்ட சாபம், அவன் தன் முக வியர்வையால் உண்ண வேண்டும் என்பது. லிங்கன் முகத்தை மாற்றிவிட்டார், சாபம் அடுத்தவன் தலையில் போய் விழுந்தது. இந்தக் கிண்டல் அவருக்குப் புதிதல்ல. 1864 டிசம்பரில், சிறையிலிருக்கும் தென்மாநிலப் போர்வீரனான தன் கணவனை விடுவிக்கக் கேட்டு வந்த ஒரு பெண், அவர் பக்திமான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கைதியை விடுவிக்க உத்தரவிட்ட லிங்கன், பிறர் வியர்வையில் அப்பம் தின்ன அரசு போதுமான அளவு உதவவில்லை என்று கலகம் செய்யத் தூண்டும் மதம் ஆளைச் சொர்க்கத்துக்குக் கொண்டுபோகும் மதமாகத் தோன்றவில்லை என்று பதில் சொன்னார். அதைத் தாமே எழுதி, பத்திரிகையாளர் நோவா புரூக்ஸிடம் அச்சிடக் கொடுத்தார்.

பதவியேற்பு மேடையிலோ, கிண்டலைச் சொன்ன மறுநொடியே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்: பிறரைத் தீர்ப்பிட வேண்டாம், நாமும் தீர்ப்பிடப்படாமல் இருக்க. மத்தேயு ஏழாம் அதிகாரம். இதைப் பெருந்தன்மை என்று படிப்பது வழக்கம். எனக்கு எச்சரிக்கை என்றே படுகிறது. தெற்கைத் தீர்ப்பிட எழுந்தால் வடக்கும் கூண்டில் ஏற வேண்டிவரும். அடுத்த சில வாக்கியங்களில் ஏற்றியும் விடுகிறார்.

இரு தரப்பின் வேண்டுதலும் பலிக்க முடியாது. இரண்டில் எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. கடவுளுக்கென்று தனி நோக்கம் இருக்கிறது. இந்தச் சிந்தனை அவருக்குள் 1862 வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்ததற்குச் சான்றாக, தமக்காக மட்டும் எழுதி வைத்த ஒரு துண்டுக் குறிப்பு கிடைத்திருக்கிறது. போரிடும் இரு தரப்பில் ஒன்று தவறாக இருக்கும், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். மேடைக்கு வர மூன்றாண்டு ஆயிற்று.

இனி உரையின் உச்சம். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் இடறலைப் பற்றிய எச்சரிக்கையை எடுத்துக்கொள்கிறார்: இடறல்கள் வந்தே தீரும், ஆனால் யாரால் வருகிறதோ அவருக்குக் கேடு. பிறகு ஒரு 'ஒருவேளை'. ஒருவேளை அமெரிக்க அடிமைமுறை அத்தகைய இடறல்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதற்குரிய தண்டனையாகவே கடவுள் வடக்குக்கும் தெற்குக்கும் இந்தப் போரைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதில் கடவுளின் இயல்புக்கு மாறாக ஏதாவது இருக்கிறதா?

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முழுவதும் 'வைத்துக்கொண்டால்' என்ற நிபந்தனையிலும் கேள்வியிலும் நிற்கிறது. கடவுளின் மனம் தமக்குத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு துணிச்சலை அன்றைய போதகர்கள் பலர் இரு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று, தெற்கின் அடிமைமுறை என்று சொல்லாமல் அமெரிக்க அடிமைமுறை என்கிறார். தண்டனையையும் இரு தரப்புக்கும் எழுதுகிறார். வடக்கின் பங்கு என்ன? நியூ இங்கிலாந்து ஆலைகள் நூற்றது தெற்கின் பருத்தியை. 1860இல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். அதை ஏற்றிய கப்பலிலும் அதற்குக் கடன் கொடுத்த வங்கியிலும் நியூயார்க்கின் பணம் இருந்தது. தப்பியோடி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பியனுப்பும் 1850ஆம் ஆண்டுச் சட்டம் வடமாநிலங்களில்தான் அமலானது. இதையெல்லாம் லிங்கன் மேடையில் விரித்துரைக்கவில்லை. ஆனால் 1864 ஏப்ரலில் கென்டக்கிப் பத்திரிகையாசிரியர் ஆல்பர்ட் ஹாட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் தவறுக்கு உடந்தையாக இருந்ததற்கான விலையைத் தெற்கைப் போலவே வடக்கும் கொடுக்க வேண்டும் என்பது கடவுளின் சித்தமானால், வரலாறு அதில் நீதியையே காணும் என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்.

போர் சீக்கிரம் ஒழியட்டும் என்று ஆசையோடு நம்புகிறோம், உருக்கமாக வேண்டுகிறோம் என்று மெல்ல இறங்கி, அதே வேகத்தில் மீண்டும் ஏறுகிறார். அடிமையின் 250 ஆண்டுக் கூலியில்லா உழைப்பில் சேர்ந்த செல்வமெல்லாம் கரையும் வரை, சாட்டையால் சிந்திய ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் வாளால் ஒரு துளி ஈடாகும் வரை போர் நீடிக்க வேண்டும் என்பது கடவுளின் சித்தமானால், அப்போதும் அவர் தீர்ப்பு உண்மையும் நீதியுமானது என்றே சொல்ல வேண்டும் என்கிறார். முடிவுச் சொற்கள் வேதாகமத்தின் சங்கீதத்திலிருந்து வந்தவை. 250 ஆண்டு என்பது வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்ட 1619ஐ மனத்தில் வைத்துச் சொன்ன தோராய எண்.

நான் முன்பு சொன்ன கணக்கு இதுதான். அதில் இரண்டு பற்றுகள்: செல்வம், இரத்தம். செல்வப் பற்றின் கனத்தை உணர, மூன்றாண்டு பின்னால் போக வேண்டும். 1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டன் நகரத்து அடிமைகளை விடுவித்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் இதே லிங்கன்தான். அந்தச் சட்டம் தலைக்கு 300 டாலர் வரை நட்டஈடு கொடுத்தது, உடைமையாளருக்கு. உழைத்தவருக்கு அல்ல. 1865 மார்ச்சில் அதே மனிதர், கூலி நிலுவை உடைமையாளர் பக்கம் இல்லை, அடிமையின் பக்கம் இருக்கிறது என்று நாட்டின் முன் சொல்கிறார். இரத்தப் பற்றைப் பொறுத்தவரை, போரில் இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிந்தைய ஆய்வு 7 லட்சத்து 50 ஆயிரம் வரை போகிறது. மகனை இழந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். அவர்களிடம் போய் இந்தச் சாவுகள் வெற்றிக்கான விலை என்று சொல்லாமல், செலுத்த வேண்டிய கடன் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அது எடுபடாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. மார்ச் 15 அன்று நியூயார்க் அரசியல்வாதி தர்லோ வீட் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த உரை தாம் எழுதிய மற்றவற்றைப் போல, ஒருவேளை அவற்றைவிட நன்றாகவும், நிலைத்து நிற்கும், ஆனால் உடனே யாருக்கும் பிடிக்காது என்கிறார். கடவுளின் நோக்கம் வேறு, உங்கள் நோக்கம் வேறு என்று எடுத்துக்காட்டினால் மனிதர்கள் குளிர்ந்துபோவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதில் இருக்கும் தலைகுனிவு தம்மீதே நேரடியாக விழுவதால் தாம் சொல்வதைப் பிறர் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். பதவியேற்பு நாள் மாலையில் வெள்ளை மாளிகை வரவேற்புக்கு வந்த ஃபிரெடரிக் டக்ளஸைக் காவலர்கள் வாசலில் தடுத்தார்கள். அவர் உள்ளே சொல்லியனுப்பிய பிறகே வழி விட்டார்கள். உரை எப்படி என்று லிங்கன் கேட்டதற்கு, அது ஒரு புனித முயற்சி என்றார் டக்ளஸ். அடிமையாகப் பிறந்தவரின் வாயிலிருந்து வந்த மதிப்புரை.

நான்காம் பத்தி

ஒரே வாக்கியம். வன்மம் இன்றி, பரிவோடு, நமக்கு எது சரியென்று கடவுள் காட்டுகிறாரோ அந்த அளவு உறுதியோடு, தொடங்கிய வேலையை முடிப்போம். நாட்டின் காயங்களைக் கட்டுவோம். போரைச் சுமந்தவரையும் அவருடைய விதவையையும் அனாதைப் பிள்ளையையும் காப்போம். நீதியும் நிலைபேறும் உள்ள அமைதிக்கு வேண்டியதெல்லாம் செய்வோம்.

மூன்றாம் பத்தியைக் கடந்து வந்தவருக்கு இந்தப் பரிவு ஜெயித்தவன் தோற்றவனுக்குப் போடும் பிச்சையாகத் தெரியாது. இருவரும் ஒரே கடனில் மாட்டியவர்கள். ஒருவன் இன்னொருவன் மேல் வன்மம் கொள்ள முகாந்திரமே இல்லை. நேராகக் கடைசிப் பத்திக்குத் தாவுகிறவர்களுக்கோ அது வெள்ளையர்கள் இருவர் கை குலுக்கிக்கொள்ளும் காட்சியாகிவிடுகிறது. 1922 மே 30 அன்று நினைவு மண்டபத்தைத் திறந்துவைத்தபோது நடந்தது அதுதான். கறுப்பின விருந்தினர்களைத் தனிப் பகுதியில் பிரித்து உட்கார வைத்தார்கள். பேச அழைக்கப்பட்ட ஒரே கறுப்பினத்தவரான டஸ்கீகியின் ராபர்ட் மோட்டனின் உரையில் காரமான பகுதிகள் முன்கூட்டியே வெட்டப்பட்டன.

போர்வீரரையும் விதவையையும் பற்றிய பகுதிக்குத் தனி வாழ்வு வாய்த்தது. முன்னாள் படைவீரர் நலத்துறை 1959இல் அதைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. பெண் வீரர்களை அது உள்ளடக்கவில்லை என்ற குறை எழுந்து, 2023இல் அந்த வாசகத்தை மாற்றினார்கள்.

எனக்குள்ள குறை வேறு. முந்தைய பத்தியில் 250 ஆண்டுக் கூலி நிலுவைக்கு உரியவராக நின்ற மனிதர், இந்தப் பத்தியில் பெயர் சொல்லி வரவே இல்லை. போரைச் சுமந்தவர் என்பதில் ஒன்றியப் படையில் சேர்ந்த சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர்கள் அடங்குவார்கள் என்பது சரி. வயலில் நின்ற மற்ற 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர்? லிங்கன் அவர்களை மறக்கவில்லை. விடுதலை பெற்றவர்களுக்கான பணியகத்தை உருவாக்கும் சட்டத்தில் பதவியேற்புக்கு முந்தைய நாள்தான் கையெழுத்திட்டிருந்தார். ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகைச் சன்னலிலிருந்து பேசியபோது, கல்வியறிவுள்ள கறுப்பினத்தவருக்கும் படையில் பணியாற்றியவர்களுக்கும் வாக்குரிமை கொடுப்பதே தமக்கு விருப்பம் என்று முதல்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் சுவரில் ஏறிய உரையில் அது இல்லை.

ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் லிங்கனைச் சுட்டான். மறுநாள் அதிபரானவர் ஆண்ட்ரூ ஜான்சன். தென்கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரத்தில் ஷெர்மனின் ஜனவரி உத்தரவுப்படி விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு ஒதுக்கிய நிலத்தை, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மன்னிப்புப் பெற்ற பழைய உடைமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். பணியகத்தின் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவை 1866 பிப்ரவரியில் தம் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். லிங்கனின் கடைசி வாக்கியத்தில் இருந்த பரிவு முழுவதையும் ஜான்சன் நிலச்சொந்தக்காரர்களுக்கே அள்ளிக் கொடுத்தார். அதற்கு முந்தைய பத்தியை அவர் சட்டை செய்ததாகவே தெரியவில்லை.